மழைக்கு வந்தவள்

ஐப்பசி மழையில் நனைந்த பூனை ரோமத்தின் வாடை, ஈரச் சாக்கில் பால் சிந்தியதுபோல ஒரு வாடை, நேற்று ராத்திரி ஜன்னல் வழியே வந்தது, எழுந்து போய்ப் பார்த்தால் கிரில் கதவுக்கு வெளியே ஒரு தாய்ப்பூனை, வாயில் கண் திறக்காத குட்டியோடு, உள்ளே வர வழியில்லாமல் நின்றிருந்தது.

ரிஷிவந்தியத்துப் பழைய வீட்டில் பூனைக்கு வழி கிடைக்காமல் போனதில்லை, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கும், அடுப்போரத்துச் சாம்பல் சூட்டில் குட்டிகளைக் கொண்டுவந்து போட்டுவிடும், ஆயா விறகைக்கூடச் சத்தமில்லாமல் தள்ளுவாள், நான் தொடப்போனால், "மழைக்கு வந்தவடா, கிட்டப் போவாத" என்பாள்.

அர்த்தநாரீஸ்வரர் கோயில் தேன் அபிஷேகத்துக்குக் கொடுக்கவென்று தாத்தா மலைத்தேன் வாங்குவார், அதைக் கொண்டுவரும் கல்வராயன் மலைப் பெரியவர் மேல் புகையும் தேனடையும் கலந்து மணக்கும், திண்ணையில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டே இருப்பவரிடம் சிறுத்தையைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்கு அது போவும், நாம பாட்டுக்கு நாம போவணும்" என்பதோடு சரி.

பல வருஷம் கழித்து உத்தரப்பிரதேசத்து அர்ஜன் சிங்கைப் பற்றிப் படித்தபோது, இந்த அடுப்படி வாடைதான் மூக்கில் ஏறியது. 1917இல் பிறந்தவர், வேட்டைக்காரர், 1960இல் வண்டி விளக்கு வெளிச்சத்தில் ஒரு சிறுத்தையைச் சுட்டபின் வேட்டையையே விட்டவர், துத்வா காட்டோரத்தில் ஹாரியட் என்ற சிறுத்தைக் குட்டியை வளர்த்துக் காட்டுக்குள் பழக்கி அனுப்பினார், அவள் அங்கேயே ஈன்றாள், மழைக்காலத்தில் வெள்ளம் அவள் இருந்த இடத்தைச் சூழ்ந்ததும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஆற்றைக் கடந்து, நேரே அவர் வீட்டு அடுப்படிக்கே வந்து சேர்ந்தாள். தண்ணீர் வடிந்தபின், குட்டியைக் கவ்வியபடி படகில் ஏறி உட்கார்ந்தாளாம், அக்கரையில் கொண்டுவிட்டார்கள், போய்விட்டாள். அவள் வந்ததைவிட, திரும்பிப் போக அந்த மனுஷர் படகு தள்ளினாரே, அதைத்தான் நான் சிநேகம் என்பேன், கட்டிப்போட்டிருந்தால் அது வேறு. 2010 புத்தாண்டு நாளில் அவர் காலமானார்.

இப்போதைய என் சமையலறையில் வழவழப்பான டைல்ஸ்தான், சாம்பலும் இல்லை, சூடும் இல்லை. ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு, கிரிலைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் நின்றேன், பூனை குட்டியைச் சாக்கில் வைத்துவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்ததை எடுக்க மழைக்குள் போயிற்று.