சிக்காகோ லிகிதர்

2022 ஆகஸ்ட் மாதக் கடைசி. மின்வெட்டு நேரம். விறாந்தையில் சாய்கதிரையைப் போட்டுக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி இருந்தேன். கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த இளைய மகன் படிக்கட்டில் குந்தியிருந்து கைத்தொலைபேசியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். வெகுநேரமாகியும் பாட்டுத் தொடங்குவதாக இல்லை.

"இதில எப்ப மகன் பாட்டுத் தொடங்கும்?"

"இதுதான் வாப்பா பாட்டு."

"ஒருத்தரும் பாடல்லியே."

"பாட மாட்டாங்க. சும்மா கேளுங்க."

'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்த காது என்னுடையது. சொல் இல்லாத பாட்டு எனக்குக் கதவில்லாத வீடு மாதிரி, எதனால் நுழைவதென்றே தெரியாது. ஆனாலும் வேறு வேலை இல்லாததால் கேட்டேன். அடியில் ஒரே சீரான நான்கு அடி, திரும்பத் திரும்ப. கந்தோரில் தபாற் பகுதியில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கட்டுக்கட்டாகக் கடிதங்களை வைத்துக்கொண்டு ஒருவர் முத்திரை குத்திக்கொண்டே போவார். கை ஓயாது, வேகம் கூடாது, குறையாது. அதற்கு மேலே தடித்த குரலில் ஓர் அடிநாதம் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, மூடிய அறைக்குள் யாரோ மெல்ல மூச்சு விடுவதைப் போல நீண்ட சுரங்கள். துக்கமென்றும் சொல்ல முடியவில்லை, சந்தோஷமென்றும் சொல்ல முடியவில்லை. முடிந்ததும் இன்னொருதரம் போடச் சொன்னேன். மகன் சிரித்தான்.

"இதச் செஞ்சவரும் உங்கட ஆள்தான் வாப்பா. கவர்மெண்ட் கந்தோர்ல வேல பாத்தவரு."

அப்படித்தான் லரி ஹேர்ட் என்ற பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. முப்பத்தொரு வருடம் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவனிடம் இப்படியொரு வார்த்தையைச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? மகன் கட்டாருக்குத் திரும்பிப் போகும்வரை ஒவ்வோர் இரவும் அவனைக் கேள்வி கேட்டுத் துளைத்தேன். போன பிறகு நானே தேடிப் படித்தேன்.

1960இல் சிக்காகோ நகரின் தென்பகுதியிற் பிறந்த கறுப்பினத்தவர் லரி ஹேர்ட். பதினேழு வயதளவில் மேளம் அடிக்கத் தொடங்கி, உள்ளூர் இசைக்குழுக்களில் வாசித்து வந்தவர். பகலில் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் உத்தியோகம். முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் கொடுப்பனவு வழங்குகின்ற திணைக்களம் அது. அங்கே என்ன நடக்குமென்பதை எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. விண்ணப்பம், இலக்கம், குறைபாடு, திருப்பி அனுப்புதல். எங்கள் பக்கத்தில் 'கச்சேரி' என்றால் அரசாங்க அதிபரின் கந்தோர். இந்தியத் தமிழருக்கு அதே சொல் பாட்டு. இரண்டு கச்சேரியையும் ஒரே நாளில் பார்த்த மனிதர் இவர்.

மேளக்காரனுக்குக் குழுவில் ஒரு மூலை உண்டு. அவன் மெட்டைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. இது லரி ஹேர்ட்டுக்கும் நேர்ந்தது. மனத்திலிருந்த இசையை மற்றவர்கள் வாசிக்கவில்லை. ஆகவே 1984இல் குழுவை விட்டுவிட்டு, றோலண்ட் கொம்பனியின் ஜூனோ-60 என்ற மின்னிசைப் பலகையொன்றையும் ஒரு தாள இயந்திரத்தையும் வாங்கினார். ஜூனோ-60 ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கக்கூடியது. பல தடங்களில் ஒலிப்பதிவு செய்யும் கருவி அவரிடம் இல்லை. ஒரு கசட் றெக்கோடரிற் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதற்கு மேலே வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றக் கசட்டிற் பதிவது. இப்படி வீட்டிலிருந்து செய்தவைதான் பின்னர் உலகம் சுற்றிய இசைகள். இசைத்தட்டுக்களில் தன் பெயரை 'மிஸ்டர் பிங்கர்ஸ்' என்று போட்டுக்கொண்டார்.

அந்த நகரத்தின் சங்கதியையும் சொல்லவேண்டும். 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவின் பேஸ்போல் மைதானமொன்றில், டிஸ்கோ இசைத்தட்டுக்களைக் கொண்டுவரச் சொல்லிப் பெட்டியில் அடைத்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் புகுந்தனர். விளையாட்டென்று தொடங்கியதுதான். ஆனால், கறுப்பர்களின் இசை என்பதற்காகவே பல தட்டுக்கள் அந்தக் குவியலுக்குள் விழுந்தன என்று அங்கிருந்த கறுப்பின ஊழியர் ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு கூட்டம் கூடி நின்று இன்னொரு கூட்டத்தின் இசைத்தட்டை உடைக்கும்போது உடைபடுவது தட்டு மட்டுமல்ல என்பதைப் புரிந்துகொள்ள நமக்குச் சிக்காகோ போகவேண்டியதில்லை. அதே நகரத்தில், 'வெயார்ஹவுஸ்' என்ற களியாட்ட மண்டபத்தில், நியூயோர்க்கிலிருந்து 1977இல் வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுக்களை ஒன்றோடொன்று இழைத்து விடியும்வரை ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார். அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களிற் பலர் தற்பாலினர். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள். அந்த மண்டபத்தின் பெயரில் ஒட்டியிருந்த 'ஹவுஸ்' என்ற வால்தான் இந்த இசைக்குப் பெயராயிற்று என்பார்கள். பக்கத்து டெட்ரொயிட் நகரில் ஹுவான் அட்கின்ஸும் சகாக்களும் இதே காலத்தில் கட்டியெழுப்பியது டெக்னோ. இரண்டுக்கும் என்ன வித்தியாசமென்று மகன் மூன்று தரம் விளங்கப்படுத்தினான். எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

அன்றிரவு நான் கேட்டது 'கேன் யூ ஃபீல் இட்'. 1986இல் ட்ராக்ஸ் ரெக்கோட்ஸ் வெளியிட்டது. தட்டின் முகப்புப் பாட்டு இதுவல்ல, 'வோஷிங் மெஷின்' என்ற வேறொன்று. உடன் வந்த பிள்ளைதான் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றியது. ட்ராக்ஸின் உரிமையாளர் லரி ஷேர்மனுக்குச் சொந்தமாக ஓர் இசைத்தட்டு அச்சுச்சாலை இருந்தது. விற்காத பழைய தட்டுக்களை அரைத்து உருக்கி, அதிலேயே புதிய தட்டுக்களை அச்சடித்தார்கள் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனாற்றான் அந்தத் தட்டுக்களில் ஒரு கரகரப்பு. இப்போது சேகரிப்பாளர்கள் அந்தக் கரகரப்புக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்கள். எனக்கு மண்ணிறத் தாளில் வந்த நமது பழைய சிற்றிதழ்களின் ஞாபகம் வந்தது. பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாடகர் ரொபேட் ஓவன்ஸோடும் ரொன் வில்சனோடும் சேர்ந்து 'பிங்கர்ஸ் இன்க்' என்ற பெயரில் இயங்கினார். 1988இல் 'அனதர் சைட்' என்ற முழு நீள இசைத்தொகுதி. தனக்கென்று அலீவியேட்டட் என்ற சிறு வெளியீட்டகம். 1992இல் எம்.சி.ஏ. என்ற பெரிய கொம்பனிக்காக 'இன்ட்ரொடக்ஷன்'. அந்த உறவு நீடிக்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சிக்காகோவை விட்டு மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். 2018இல் 'செரிப்ரல் ஹெமிஸ்பியர்ஸ்', மிஸ்டர் பிங்கர்ஸ் என்ற பழைய பெயரிலேயே.

இதற்கிடையில் 'கேன் யூ ஃபீல் இட்' அவருடைய கையைவிட்டுத் தனியே நடந்து திரிந்தது. அதன் மேல் மார்ட்டின் லூதர் கிங்கின் உரையை ஒட்டினார்கள். ஹவுஸ் இசையின் தோற்றத்தை வேதாகம நடையில் கூறும் பிரசங்கமொன்றை ஒட்டினார்கள். இசைத்தொகுப்புக்களிற் சேர்த்தார்கள். அவரது மற்றொரு பாட்டான 'மிஸ்டரி ஒஃப் லவ்'வின் அடிநாதத்தை 2016இல் கன்யே வெஸ்ட் 'ஃபேட்' என்ற பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். 'ஆழமான ஹவுஸ்' என்று ஒரு வகையே அவரிலிருந்து தொடங்குவதாக எழுதினார்கள். எழுதியவர்களில் அநேகர் அவரது அடக்கத்தையும் அமைதியையும் புகழ்ந்தார்கள்.

அந்தப் புகழ்ச்சிதான் எனக்கு உறுத்தியது. அமைதியான மனிதர் என்று ஒருவரைப் புகழ்வது அவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமலிருப்பதற்கு நல்ல வசதி. 2020 ஏப்ரலில் லரி ஷேர்மன் காலமானார். அந்த ஜூனில் லரி ஹேர்ட்டும் ரொபேட் ஓவன்ஸும் ட்ராக்ஸுக்கு எதிராகச் சிக்காகோவின் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பல தசாப்தங்களாகத் தங்களுக்குரிய உரிமைப்பணம் வழங்கப்படவில்லை என்பதும், பாடல்களின் பதிப்புரிமை தங்களுடையது என்பதும் அவர்களது முறைப்பாடு. 2022 ஆகஸ்டில் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்து, வழக்கிலிருந்த பாடல்களின் உரிமை அவர்களிடம் திரும்பியது. 'கேன் யூ ஃபீல் இட்' வெளிவந்து முப்பத்தாறு வருடங்களுக்குப் பிறகு. அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் மகன் அன்றிரவு அந்தப் பாட்டைப் போட்டிருந்தான்.

செய்தியைச் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "உங்கட கதப் புத்தகத்துக்கு என்ன நடந்த வாப்பா?"

என்னிடம் ஒரேயொரு புத்தகம்தான். ஒன்பது சிறுகதைகள், 1994இல் வந்தது. அச்சுச் செலவிற் பாதியை நான் சேமலாபக் கடனெடுத்துக் கொடுத்தேன். எனக்கு ஐம்பது பிரதிகள் தந்தார்கள். 2003இல் கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் அதே புத்தகத்தை வேறு அட்டையோடு கண்டேன். உள்ளே 'இரண்டாம் பதிப்பு' என்றிருந்தது. காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எவரிடமும் கேட்கவில்லை. எழுத்தை எழுதியவன் காசைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். உண்மையில் எனக்குப் பயம். கேட்டால் அடுத்த புத்தகத்தைப் போடமாட்டார்களோ என்ற பயம். அந்த அடுத்த புத்தகம் வரவேயில்லை.

"எல்லா உரிமையையும் எழுதிக் குடுத்திட்டன் மகன். கையொப்பமும் வச்சாச்சி."

"கடதாசியக் காட்டுங்க."

கைவிளக்கை அவன் பிடிக்க, கட்டிலுக்கடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்தேன். என் நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், உம்மாவின் மரண அத்தாட்சிப் பத்திரம், அவற்றுக்கடியில் அந்தக் கடதாசி. ஒரே பக்கம், தட்டச்சிலடித்தது. நான்காம் பந்தியில், 'முதலாம் பதிப்பின் ஆயிரம் பிரதிகளுக்கு மாத்திரம்' என்று இருந்தது. அதன் கீழே எனது கையொப்பம்.

முப்பத்தொரு வருடமாக மற்றவர்களின் விண்ணப்பங்களில் ஒரு புள்ளி குறைந்தாலும் திருப்பியனுப்பியவன் நான். வயலுக்குப் பேர்மிட் கேட்டு வந்த எத்தனையோ பேரிடம், "நாலாம் பந்திய வாசிச்சீங்களா?" என்று கடுகடுத்திருக்கிறேன்.

"வாப்பா, நீங்க இத வாசிக்கவே இல்லியா?" என்றான் மகன். கோபத்தில் அல்ல. அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமை பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். காசு கேட்கவில்லை. ஒன்பது கதைகளும் என்னுடையவை என்பதனை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும்படி கேட்டிருந்தேன். இரண்டு மாதத்தின் பின் பதில் வந்தது. பழைய பதிப்பாளர் மௌத்தாகிவிட்டாராம். அக்காலக் கோவைகள் கைவசம் இல்லையாம். மகன் எழுதியிருந்தார், மரியாதையான கடிதம். கோவை இல்லையென்ற பதிலை நானே எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! ஆகவே, அதற்கு அடுத்தபடியாக என்ன செய்யவேண்டுமென்பதும் எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தின் நிழற்பிரதியை இணைத்து, மேலே 'நினைவூட்டல் 1' என்று தலைப்பிட்டு அனுப்பினேன்.

இப்போது மூன்றாவது நினைவூட்டல் மேசையில் இருக்கிறது. முத்திரை ஒட்டியாயிற்று. தபாற்கந்தோர் திறந்ததும் போகவேண்டும்.