காணாமல் போதல்

எங்கள் வீட்டுச் சிறுநாய் கடுகு, 2022ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், தீபாவளி இரவு ஏழே முக்கால் மணியளவில் காணாமல் போயிற்று. இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கே எங்களுக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. ஒரு நாய்க்காக எழுதுவதா என்னும் கூச்சம் ஒரு காரணம். எழுதினால் அது இரங்கற் கட்டுரை ஆகிவிடுமோ என்னும் அச்சம் மற்றொரு காரணம். இறந்தவர்க்குத்தானே இரங்கல்? கடுகு இறந்துபோனதற்கு எங்களிடம் சாட்சியம் ஏதும் இல்லை.

நாங்கள் கும்பகோணத்தில், அரசலாற்றை ஒட்டிய ஒரு தெருவில் வசிக்கிறோம். வீட்டில் நால்வர். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் ஒருவர், கூட்டுறவு வங்கியில் பணிபுரிபவர் ஒருவர், அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த மகள், எழுபதைக் கடந்த அம்மா. இதை எழுதுவது எங்களுள் யார் என்பது வாசிப்பவர்க்கு எளிதில் தெரிந்துவிடும். எனினும் 'நாங்கள்' என்றே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

கடுகு பொமரேனியன் கலப்பு. ஊரார் சடை நாய் என்பார்கள். நாலு கிலோ எடை இருக்கும். குட்டியாக வீட்டுக்கு வந்த அன்று, தமிழ் கற்பிப்பவர் அதற்கு 'ஞமலி' என்று பெயர் வைக்க விரும்பினார். நாய்க்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர் அது. பூழி நாட்டு வழக்கு என்று உரையாசிரியர்கள் குறிப்பார்கள். "தெருவில் நின்று ஞமலி, ஞமலி என்று யார் கூப்பிடுவது?" என்று மகள் மறுத்தாள். தாளிப்பதற்காக அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்த அம்மா, திரும்பிக்கூடப் பாராமல், "கடுகுன்னு கூப்பிடு" என்றார். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்தது. தயிர்சாதத்தில் கிடக்கும் கறிவேப்பிலையை மட்டும் தட்டின் விளிம்பில் ஒதுக்கி வைக்கும். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு எங்கே இருக்கிறதோ அதன்மேல்தான் உறங்கும். வங்கியிலிருந்து வரும் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டுக்கு வந்து நிற்கும். தெருவில் ஒரு கறுப்பு நாய் உண்டு. காது கிழிந்தது, கடுகைப்போல் ஐந்து மடங்கு பெரியது. கேட்டுக் கம்பிகளுக்கு உள்ளே நின்றபடி அதை நாள்தோறும் ஊரைவிட்டே துரத்துவதுபோலக் குரைக்கும். அந்தக் கறுப்பன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அது 45,000 ஹெர்ட்ஸ் வரை நீளும் என்கிறார்கள். ஸ்கூட்டர் ஒலியைத் தெருமுனையிலேயே அறிந்த அதே காதுகள்தாம் வெடிச் சத்தத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டாசு வெடிப்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018இல் இரண்டு மணி நேர வரம்பு விதித்தது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. அந்த வரம்பை நம்பித்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கடுகைக் குளியலறையில் வைத்து, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உடன் உட்கார்ந்திருப்போம். அந்த ஆண்டு சற்று அசந்துவிட்டோம். எட்டு மணிக்குள் முடிந்துவிடும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலைகளில் இருந்தோம். பத்தாயிரம் வாலாச் சரம் ஒன்று எதிர்வீட்டு வாசலில் வெடித்து ஓய்ந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. கேட்டின் கொண்டி விலகியிருந்தது.

அஞ்சி ஓடும் நாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காது என்பதை அன்றிரவு கற்றுக்கொண்டோம். ஆற்றங்கரை, தண்டவாள ஓரம், மகாமகக் குளத்தின் நான்கு கரைகள் என்று விடியும்வரை தேடினோம். தெருவெங்கும் சிவந்த காகிதக் குப்பை. அதில் ஒரு வெள்ளைச் சடையைத் தேடுவது எளிது என்றுதான் முதலில் நினைத்தோம்.

மறுநாள் படத்தோடு நூறு பிரதிகள் ஜெராக்ஸ் எடுத்துத் தேநீர்க் கடைகளிலும் பால் நிலையங்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டினோம். தேடும் கலையில் எங்களுக்கு ஆசிரியராய் வாய்த்தவர் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா. "பகல்ல தேடாதீங்க. பயந்த நாய் பகல்ல வெளியே வராது. நாங்க குப்பை எடுக்க வர்றதுக்கு முன்னாடி, நாலு மணிக்கு வாங்க" என்றார். எந்தத் தெருவில் எத்தனை நாய், எது குட்டி போட்டிருக்கிறது, எது ஒரு வாரமாய்க் கண்ணில் படவில்லை என்று அவருக்கு மனப்பாடம். சாக்கடைப் பாலங்களுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னவரும் அவரே. ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் குனியும்போது, அங்கே இருக்க வேண்டும் என்றும் இருக்கக் கூடாது என்றும் ஒருசேர வேண்டிக்கொண்டோம்.

தொலைபேசி அழைப்புகள் வந்தன. பணம் எவ்வளவு தருவீர்கள் என்று மட்டும் கேட்டவர்கள் உண்டு. தாராசுரத்திலிருந்து ஒருவர், கோயில் அருகே வெள்ளைச் சடை நாய் ஒன்று திரிவதாகச் சொன்னார். போனோம். தூரத்தில் அதே வால், அதே நடை. "கடுகு" என்றதும் ஓடி வந்தது. வந்து நின்றபோதுதான் தெரிந்தது, வேறு நாய். யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வரும் நிலையில் அது இருந்தது. பிஸ்கட் வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினோம். வழிநெடுக யாரும் பேசவில்லை. அதை அங்கேயே விட்டு வந்தது சரியா என்னும் கேள்வி இன்றுவரை எங்களோடு இருக்கிறது.

மூன்றாம் வாரத்தில் ஆறுதல்கள் மாறத் தொடங்கின. "வேறொரு குட்டி வாங்கிவிடுங்கள்" என்றார்கள். "நாய்தானே" என்றார்கள் சிலர். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. மனிதர் காணாமல் போகும் உலகில் நாயைப் பற்றிப் பேசுவது எங்களுக்கே கூச்சமாயிருந்தது. அந்தக் கூச்சத்தைப் போக்கியவர், அதைப் போக்கத் தகுதி பெற்ற ஒருவர். கல்லூரியில் உடன் பணிபுரியும் அவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது கடலுக்குப் போயிருந்த அவருடைய சித்தப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னும் சோறு வைக்கிறீங்களா?"

வைத்துக்கொண்டுதான் இருந்தோம். இரவு படுக்கும் முன் கேட்டுக்கு வெளியே அலுமினியத் தட்டில் அம்மா தயிர்சாதம் வைப்பார். அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டோம்.

"வைங்க. நிறுத்தணும்னு உங்களுக்கே தோணுறப்ப நிறுத்துங்க. எங்க சித்தப்பாவுக்குக் கோயில்ல பூசை எல்லாம் முடிச்சாச்சு. ஆனா சித்தி இன்னும் ராத்திரி கதவுக்குத் தாழ் போடுறதில்ல."

அவர் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை, நாங்களும் ஒப்பிடவில்லை. ஆனால் தாழ் போடாத அந்தக் கதவைப் பற்றிக் கேட்டபின் எங்கள் தட்டைப் பற்றி வெட்கப்படுவது நின்றது.

பாலின் பாஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இத்தகைய இழப்புக்குத் தனிப் பெயரே இட்டிருக்கிறார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். 1970களில், வியத்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து அவர் கண்டது அது. 1999இல் அதே தலைப்பில் நூலும் எழுதினார். இவ்வகைத் துயரில் முற்றுப்புள்ளியை எதிர்பார்ப்பதே துன்பத்தை மிகுவிக்கும் என்பது அவர் கருத்து. 'போய்விட்டது' என்பதையும் 'ஒருவேளை எங்கோ இருக்கிறது' என்பதையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும் என்கிறார். இறப்புக்கு நம்மிடம் பத்தாம் நாள், பதினாறாம் நாள், திவசம் என்று படிகள் உண்டு. அழ ஒரு நாள், அழுகையை நிறுத்த ஒரு நாள் என்று முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். காணாமல் போனதற்கு அப்படி ஒரு நாளும் இல்லை. நாய் காத்திருந்த கதைகள் உலகெங்கும் உண்டு. தன்னை வளர்த்த பேராசிரியர் 1925இல் இறந்தபின், டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் 1935இல் தான் இறக்கும்வரை காத்திருந்த ஹச்சிக்கோவைப் பலரும் அறிவர். எங்கள் வீட்டில் கதை தலைகீழானது. காத்திருந்தவர்கள் நாங்கள்.

ஆனால் எங்களை வாட்டியது காத்திருப்பு மட்டும் அன்று. கொண்டியைத் திறந்து போட்டது யார் என்னும் கேள்வியை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காததாலேயே அது நாளுக்கு நாள் பருத்தது. மகள் மேசையில் உண்பதை நிறுத்தித் தன் அறைக்குத் தட்டை எடுத்துப் போனாள். அம்மாவின் இரத்த அழுத்தம் கூடியது. மற்ற இருவரும் பால் கணக்கு, மின்கட்டணம் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் அம்மா திருவிடைமருதூர் போக வேண்டும் என்றார். எங்கள் ஊரிலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர். மகாலிங்கசுவாமி கோயிலின் வாயில்களுக்குக் கதைகள் உண்டு. வரகுண பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரமகத்தி உள்ளே நுழைய முடியாமல் கிழக்கு வாயிலிலேயே நின்றுவிட்டது. மன்னன் வேறு வாயில் வழியே போய்விட்டான். அவன் திரும்புவான் என்று அது இன்னும் காத்திருப்பதாக ஐதிகம். அதனால் கிழக்கே நுழைந்தவர்கள் அவ்வழியே திரும்புவதில்லை. கிழக்கு வாயிலில் பட்டினத்தாரும் மேற்கு வாயிலில் பத்திரகிரியாரும் இருந்த கதையும் அங்கேயே நிகழ்ந்தது. பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், மேற்கு வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள் என்றாராம். பத்திரகிரியாரிடம் இருந்தவை ஒரு திருவோடும் அண்டிவந்த ஒரு நாயும் மட்டுமே. அச்சொல் கேட்டு அவர் ஓட்டை வீச, அது பட்டு நாய் இறந்தது. வகுப்பில் இக்கதையைப் பற்றறுத்தலுக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை சொன்னதுண்டு. ஓடு பட்ட நாயைப் பற்றி ஒருமுறையேனும் நினைத்ததில்லை.

மேற்கு வாயிலில் நின்று அம்மா அக்கதையைப் பேத்திக்குச் சொல்லி முடித்தார். பிறகு, "அந்த நாயைக் கொன்னது அவர் இல்லையா பாட்டி?" என்று அவள் கேட்டாள். கேட்டவள் உடனே அழுதாள். "நான்தான் மத்தாப்பு பார்க்கப் போனேன். நான்தான் கொண்டியைப் போடலை."

"நீ இல்லடி. உனக்கப்புறம் நான் வாசல்ல விளக்கு வைக்கப் போனேன்" என்றார் அம்மா. பட்சணத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனவர் தாமே கடைசி என்றார். ஸ்கூட்டரை உள்ளே எடுத்து விட்டவரும் அதையே சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் நால்வருமே கேட்டைக் கடந்திருக்கிறோம். ஒரு மாதமாய் ஒவ்வொருவரும் தாம் ஒருவரே குற்றவாளி என்று தனியே தண்டனை அனுபவித்திருக்கிறோம். யார் கடைசி என்று கணக்கிட்டிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். கணக்கிட வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தோம். கொண்டியைப் போடாதது நாங்கள். இக்கட்டுரையில் 'நான்' இல்லாததற்குக் காரணம் அதுவே.

பின்னர் ஒருநாள் வகுப்பில் எதிர்மறை வினையெச்சம் நடத்த வேண்டியிருந்தது. சொல்லாமல் போனான் என்றால், சொல்லாதவனும் போனவனும் ஒருவனே. உண்ணாமல் உறங்கினாள் என்றாலும் அப்படியே. காணாமல் போனான் என்னும் தொடரில் மட்டும், போனவன் அவன்; காணாதவர் யார்? மாணவர்கள் யோசித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "தேடுறவங்க" என்றார். சரியான விடை. பாதி வினை போனதனுடையது, பாதி வினை நம்முடையது. அது போன வினை முடிந்துவிட்டது. நாங்கள் காணாத வினை இன்னும் முடியவில்லை.

தட்டு இப்போதும் வைக்கிறோம். காலையில் அது காலியாக இருப்பதைப் பார்த்து நெடுநாள் நம்பிக்கை கொண்டிருந்தோம். ஓர் இரவு மாடியிலிருந்து மகள் பார்த்துவிட்டாள். காது கிழிந்த அந்தக் கறுப்பன்தான் வந்து உண்கிறான். கடுகு அறிந்தால் கேட்டே அதிரும்படி குரைத்திருக்கும். அன்றோடு நிறுத்திவிடலாமா என்று அம்மாவைக் கேட்டோம். "அவனும் இந்தத் தெருதானே" என்றார்.

கறிவேப்பிலையை அவன் ஒதுக்குவதில்லை. தட்டு சுத்தமாக இருக்கிறது. தட்டை வைத்துவிட்டு உள்ளே வருபவர் கொண்டியைப் போடுகிறார். பின்னால் வருபவர் அதை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார்.