மண்ணின் செடிக்கு அந்நியப் பெயர்

கனமூலை போன்ற புத்தளம் கரையோரக் கிராமங்களில் நீர் என்றதும் களப்பும் உப்பும் இறால் பண்ணைகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. நன்னீர் மீன்தொட்டியில் செடி வளர்ப்பது இங்கு வெகுசிலரின் பொழுதுபோக்கு. அத்தகைய ஓர் இளைஞரின் தொட்டியில், முன்புற மணலில், சுண்டுவிரல் உயரமும் இல்லாத பச்சைச் செடிகள் வரிசையாக நின்றன. "வெளிநாட்டுச் செடி, சேர்" என்றார் பெருமையுடன்.

உண்மை வேறு. கிரிப்டோகொரைன் பார்வா எனும் அத்தாவரம் இலங்கைக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. மலைநாட்டு ஆற்றோரங்களே அதன் தாயகம். 1970 ஆம் ஆண்டு ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விட் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். 'பார்வா' என்றால் இலத்தீன் மொழியில் சிறியது என்று பொருள். தன் பேரினத்துச் செடிகளுள் மிகச் சிறியவற்றில் இதுவும் ஒன்று.

வளர்ப்பவரிடம் அது அதிகம் கேட்பதில்லை. அடிக்கடி கத்தரிக்க வேண்டியதில்லை. காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தும் கருவியும் கட்டாயமில்லை. உணவைப் பெரும்பாலும் வேர்களாலேயே பெறுவதால், மணலின் அடியில் சிறிது உரம் இருந்தால் போதும். ஓரளவு நல்ல வெளிச்சம் வேண்டும். உயர்ந்த செடிகளின் நிழல் ஆகாது. புத்தளத்துச் சுண்ணக்கல் நிலக் கிணற்று நீரின் கடினத்தன்மையை அது தாங்கும். உப்பேறிய நீரைத் தாங்காது. ஓரிரு அங்குல இடைவெளியில் நட்டால், கம்பளம்போல் பரவப் பல மாதங்கள் செல்லும். இடம் மாற்றி நட்டவுடன் இலைகள் கரைந்து போவதுமுண்டு. அப்போது பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. வேர் உயிரோடிருந்தால் புதிய இலை துளிர்க்கும். பொறுமையே இதற்கான முதன்மை உரம்.

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள பண்ணைகள் இச்செடியைப் பெருக்கி உலகெங்கும் விற்கின்றன. அது தவறன்று; ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பு முறையில் பெருகிய செடியை வாங்குவது, ஆற்றங்கரையில் பிடுங்கியதை வாங்குவதிலும் மேலானது. குறுகிய நிலப்பரப்பில் மட்டுமே வாழும் தாவரத்துக்கு, ஓர் ஆற்றோரம் சிதைவதே பேரிழப்பு.

கவலை தருவது நமது அறியாமையே. யானையையும் சிறுத்தையையும் தேசத்தின் செல்வம் என்று பாடநூலில் படிக்கும் பிள்ளைகள், இந்தச் சிற்றிலையை அறிவதில்லை. தனதென்று தெரியாத பொருளை எவரும் காக்க முன்வருவதில்லை. தொட்டியின் முன்புறத்தில் நிற்கும் செடியின் ஊரைக் கேட்டறிவது, அதனைக் காப்பதன் முதற்படி.