பேரில் புளி, புல்லில் கடி!

எலுமிச்சம்பழம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புது பைக் டயருக்கு அடியில் நசுங்குகிற பழமா, மேனேஜரைப் புத்தாண்டன்று பார்க்கப் போகையில் பவ்யமாக நீட்டுகிற பழமா? எனக்குப் புளியங்குடிதான். பேரில் புளி, பிழைப்பில் எலுமிச்சை. ஆக, புளிப்புக்குக் குறைவில்லாத ஊர்!

ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால், வாசுதேவநல்லூர் தாண்டியதும் வந்துவிடும். வலது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை டிக்கெட் வாங்காமல் கூடவே வரும். 2019-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ஊர் தென்காசிக் கணக்கில். 2025-ல் இந்த ஊர் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

கார்த்திகை மழை ஓய்ந்த சமயம் ஆபீஸ் நண்பரின் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தோம். மரத்தடியில் புல் ஜமக்காளம் விரித்த மாதிரி இருந்தது. நண்பர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"தம்பி, புல்லுல சாயாதிய. பூச்சி கடிச்சா ராத்திரி தூங்கமாட்டிய" என்றார் தோட்டக்காரப் பெரியவர்.

"மெட்ராஸ் கொசுவையே பார்த்தவன் அண்ணாச்சி நான்!" என்றார் நண்பர்.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தது கச்சேரி. இடுப்பு, முழங்கால் மடிப்பு என்று சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பு!

ஆசாமியின் இங்கிலீஷ் பெயர் சிகர். மழைக்காலத்தில் சிவப்பு வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டு ஊருமே தம்பலப்பூச்சி, அதற்குத் தூரத்துச் சொந்தம். கடிப்பது குஞ்சு மட்டும்தான். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூடத் தேறாத உடம்பு, ஆறு கால். ரத்தம் குடிக்காது, தோலுக்குள் புகுந்து குடியிருக்கவும் செய்யாது. எச்சிலால் தோலைக் கரைத்து, அந்தக் கூழை உறிஞ்சும். நமக்கு அரிப்பு தெரிவதற்கே சில மணி நேரம் ஆகும்.

உடனே ஆளுக்கொரு வைத்தியம். எலுமிச்சை ஊரல்லவா, "சாறு தேயுங்க" என்றார்கள். தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும், ஜாக்கிரதை! பக்கத்துச் சங்கரன்கோவில் புற்றுமண்ணைச் சொன்னார் ஒருவர். சங்கரநாராயணரை மனசாரக் கும்பிடுங்கள். ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் மண் வேண்டாம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். ஈரத்துணியால் ஒத்தி, கேலமைன் லோஷன் தடவுங்கள். தாங்காவிட்டால் டாக்டரைக் கேட்டு ஒரு செட்ரிசின். அதைவிட முக்கியம், நகத்தை வெட்டுவது.

இந்த அரிப்பாவது பரவாயில்லை. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புகிற ஜாதி கடித்தால் பல சமயம் அரிக்கவே அரிக்காது. சத்தமில்லாமல் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. அதுவும் அக்குளில், தொடை இடுக்கில் ஒளிந்திருக்கும், வலிக்காது. நாமும் கூச்சப்பட்டுக் காட்டமாட்டோம். வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை போட்டு நாளைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும், உயிரையே கேட்கும்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையில் அடங்கிவிடுகிற காய்ச்சல் இது. முற்றிய கேஸ்களுக்கு அதோடு அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் பலன் அதிகம் என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023-ல் சொன்னது. தடுப்பூசி கிடையாது. எனவே ஊர் சுற்றி வந்தபின் காய்ச்சல் என்றால், "தோட்டத்துல புல்லுல உட்கார்ந்தேன் டாக்டர்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பி.காம். படித்தவனாதலால் வரவு செலவோடு முடிக்கிறேன். முழு பேண்ட், அதன் நுனியைச் செருக ஒரு ஜோடி சாக்ஸ், டீட் கலந்த பூச்சி விரட்டிக் களிம்பு, உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. திரும்பியதும் குளியல், போட்ட துணி வெந்நீரில். செலவு சில நூறு ரூபாய். ஆஸ்பத்திரி பில்லோடு ஒப்பிட்டால் கொழுத்த லாபம்!

போய் வாருங்கள். எலுமிச்சைச் சாற்றை உப்புப் போட்டுக் குடியுங்கள், தேய்க்காதீர்கள். தோட்டக்கார அண்ணாச்சி "சாயாதிய" என்றால், தயவுசெய்து நின்றுகொண்டே குடியுங்கள்.