பொங்கலுக்கு அடிச்ச பெயின்ட்

எங்க அக்காவுக்குக் குழந்தை பிறக்கிற வரைக்கும் வீட்டுல அதுக்காக ஒரு பொருள்கூட வாங்கலை. ஒரு சட்டை, ஒரு சாக்ஸ், ஒரு கிலுகிலுப்பை, எதுவும் இல்லை. இதுக்காக நான் அம்மாகிட்ட சண்டை போட்டேன். நாலு நாள் பேசாம இருந்தேன். "படிச்ச குடும்பம்னு இனிமே வெளில சொல்லாதீங்க"ங்கிற அளவுக்குப் போயிட்டேன்.

நான் சிவில் ஃபைனல் இயர். ஊர் திண்டுக்கல். எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ரெண்டு பக்கத்துக்கு மேல கடைசியா எழுதினது பிளஸ் டூ பரீட்சையில. அதனால சந்திப்பிழை எல்லாம் எடிட்டர் டீம் தலையில.

அக்கா என்னைவிட ஏழு வயசு பெரியவ. சென்னையில ஐ.டி. வேலை. போன நவம்பர்ல வளைகாப்பு முடிஞ்ச கையோட பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டா. அவ தங்கப்போறது என் ரூம்லதான். நான் ஹாஸ்டல்ல இருக்கேன், ரூம் சும்மாதானே இருக்கு. நான் உடனே பின்டரெஸ்ட்டைத் திறந்துட்டேன். சுவர் முழுக்க மேகம், மூலையில ஒட்டகச்சிவிங்கி, வெள்ளைத் தொட்டில், மேல சுத்துற நட்சத்திரம். அம்மாச்சிகிட்ட போய் "நாங்க நர்சரி ரெடி பண்ணப் போறோம்"னு சொன்னேன். "எதுக்குடா, அதான் மாடியில அவ்வளவு செடி இருக்கே"ன்னுச்சு. செடி இல்ல அம்மாச்சி, பாப்பாவுக்குன்னேன். "பொறக்கவே இல்ல, அதுக்குள்ள பள்ளிக்கூடமா?"

சிரிச்சிட்டேன். ஆனா அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அந்த வார்த்தைக்கு நம்ம ஊர்ல நிஜமாவே இந்த ரெண்டு அர்த்தம்தான். குழந்தைக்குன்னு தனி ரூம் இருந்தாத்தானே அதுக்குத் தனிப் பேர் இருக்கும்? பிள்ளை அம்மா பக்கத்துல படுக்கும், மீதி நேரம் தூளியில தொங்கும். நாங்க பிளான் வரையறப்ப மட்டும் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு 'கிட்ஸ் பெட்ரூம்'னு எழுதி மார்க் வாங்கிடுவோம்.

டிசம்பர்ல செமஸ்டர் முடிஞ்சதும் இன்டர்ன்ஷிப் காசுல ஒரு மரத் தொட்டில் ஆர்டர் பண்ணேன். தாய்மாமன் ஆகப்போறேன், முதல் சீர் என்னுதா இருக்கணும்னு ஒரு கெத்து. பெட்டி வந்து இறங்குச்சு. அம்மா அதை வாசப்படி தாண்ட விடலை. டெலிவரி பையன் ரசீதோட நிக்கிறான், அம்மா நடுவாசல்ல நிக்கிறாங்க. "பிள்ளை வர்றதுக்கு முன்னாடி தொட்டில் வீட்டுக்குள்ள வரக்கூடாது." கடைசியில அந்தப் பெட்டி மோட்டார் ரூமுக்குப் போச்சு.

அம்மா கணக்கு டீச்சர். முப்பது வருஷமா பிள்ளைகளுக்கு நிரூபணம் சொல்லிக் குடுக்கிறவங்க. அதான் எனக்குக் கோபம் அதிகம். "காலியா கிடக்கிற தொட்டிலுக்கும் வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கும் என்னம்மா சம்பந்தம்? ப்ரூவ் பண்ணு பார்ப்போம்"னு கத்தினேன். அம்மா பதிலே சொல்லலை. அது இன்னும் கோபம் வரவெச்சுச்சு.

மறுநாள் சாயங்காலம் மாடியில காயற துணியை எடுக்கப் போனப்ப அக்காவும் மூச்சு வாங்க ஏறி வந்தா.

"அம்மாவ அப்படிப் பேசாதடா."

"பின்ன என்னக்கா? நீயுமா இதெல்லாம் நம்புற?"

அவ கையில ஒரு துணி க்ளிப்பு. திறந்து திறந்து மூடிட்டே இருந்தா. அப்புறம், "இது ரெண்டாவதுடா"ன்னா.

எனக்குப் புரியலை. ரெண்டாவது என்னன்னு கேட்டேன்.

அதுக்கு முந்தின வருஷம் நவம்பர்ல, பன்னெண்டாவது வாரம், ஸ்கேன்ல இதயத்துடிப்பு இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடியே அக்காவும் மாமாவும் மஞ்சள் கலர்ல குட்டி சாக்ஸ் வாங்கிட்டாங்க. சென்னை வீட்டு சின்ன பெட்ரூம்ல ஒரு சுவத்துக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட்டும் அடிச்சிட்டாங்க. அவ ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள மாமா ராத்திரியோட ராத்திரியா தனியா உட்கார்ந்து அந்தச் சுவத்துல வெள்ளை அடிச்சிருக்கார். ஒரு கோட்டுல மூடலை. "காலையில வெயில் விழுறப்ப அடியில மஞ்சள் தெரியும்டா. நான் பார்க்கிறேன்னு அவருக்குத் தெரியும். அவர் பார்க்கிறார்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல."

"எனக்கு ஏன்க்கா சொல்லலை?"

"உனக்கு செமஸ்டர் நடந்துட்டு இருந்துச்சு." கொஞ்சம் விட்டு, "நான் கூப்பிட்டேனே"ன்னா.

ராத்திரி வாட்ஸ்அப்ல மேல மேல தள்ளிப் பார்த்தேன். இருந்துச்சு. அவ கூப்பிட்டு நான் எடுக்காத ஒரு கால். அதுக்குக் கீழ நான்: 'நாளைக்கு எக்ஸாம்க்கா, அப்புறம் கூப்பிடறேன்.' அதுக்கு அடுத்த மெசேஜ் பதினோரு நாள் கழிச்சு. அதுவும் நான்தான் அனுப்பியிருக்கேன்: 'அக்கா ஒரு 500 அனுப்பேன்.' அனுப்பியிருந்தா.

அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு எழுதினா நல்லா இருக்கும். கேட்கலை. மறுநாள் காலையில காபி டம்ளரை நானே கழுவி வெச்சேன். எங்க வீட்டுல அதுக்கு மேல யாரும் எதிர்பார்க்கிறதும் இல்ல.

ஜனவரி 11, சனிக்கிழமை, பாப்பா பிறந்தா. ரெண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். நான் பொங்கல் லீவுக்கு கோயம்புத்தூர்ல இருந்து பஸ்ல வந்துட்டு இருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அப்பா போன் பண்ணார். அப்பா போன்ல முழுசா பேசி முடிக்காம வெச்சது அன்னைக்குத்தான்.

போகி அன்னைக்குச் சாயங்காலம் அம்மா, "தம்பி, நாளைக்குப் பிள்ளைய கூட்டிட்டு வரணும். உன் ரூமைக் கொஞ்சம் ஒதுக்கிக் குடு"ன்னாங்க. எனக்குப் பதறிடுச்சு. ஒரே ராத்திரியில என்ன பண்ண முடியும்? இப்ப பெயின்ட் அடிச்சா வாடை போகவே நாளாகும், பச்சைக் குழந்தைக்கு ஆகாது. கொசு வேற. ஒரு பேப்பரை எடுத்துட்டு, செய்ய வேண்டியதை லிஸ்ட் போடலாம்னு ரூம் நடுவுல நின்னேன்.

நின்னு சுத்திப் பார்த்தேன்.

சுவர் வெளிர் பச்சை. நவம்பர்ல அடிச்சது. பொங்கலுக்குன்னு அடிச்சாங்க. அப்பவே நான், பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கேன்னு கேட்டிருக்கணும். அம்மா எனக்கு ஷேட் கார்டை போட்டோ எடுத்து அனுப்பினாங்க. 'ஏதாவது அடிங்க'ன்னு பதில் போட்டேன். அக்காகிட்டயும் "பொங்கலுக்கு எந்தக் கலர் அடிக்கலாம்"னு போற போக்குல கேட்டிருக்காங்க. அவளும் போற போக்குல ஒண்ணைத் தொட்டுக் காட்டியிருக்கா.

ஜன்னல்ல கொசு வலை. அப்பா டிசம்பர்ல அடிச்சார், டெங்கு சீசன்னு. ஆனா இந்த ஒரு ரூம்ல மட்டும். கடகடன்னு சத்தம் போடற ஃபேனை மாத்தியிருந்தார். அதுக்குக் காரணம் கரண்ட் பில். கதவு கிறீச்சுங்கலை, கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கு. பழைய ட்ரங்குப் பெட்டி கட்டில் கால்மாட்டுக்கு வந்திருந்துச்சு. திறந்தா, அப்பாவோட பழைய வேட்டிகளைக் கிழிச்சு, ஓரம் அடிச்சு, கொதிக்கிற தண்ணியில அலசி வெயில்ல காயவெச்ச சதுரத் துணிகள். இருபதுக்கு மேல இருக்கும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும், நாள்பட்ட பருத்திதான் முதல்ல. டிசம்பர் முழுக்க அம்மாச்சி மாடியில துணி காயப்போட்டுட்டே இருந்துச்சு. மாடியில அன்னைக்கு நான் எடுக்கப் போன துணியே அதுதான். அக்கா கையில இருந்த க்ளிப்பும் அதுல மாட்டினதுதான்.

அடுக்களைக்குப் போனேன். அம்மா பூண்டு உரிச்சிட்டு இருந்தாங்க.

"அம்மா, அந்த ரூம் பெயின்ட்…"

"பொங்கலுக்கு அடிச்சது."

"ஹால்ல அடிக்கலையேம்மா."

"பொங்கலுக்குத்தான்டா அடிச்சது"ன்னு தலை நிமிராம சொல்லிட்டு, "மோட்டார் ரூம்ல பெட்டி ஒண்ணு கிடக்கே, அதை எடுத்துட்டு வா"ன்னாங்க.

ராத்திரி பதினோரு மணிக்கு நானும் அப்பாவும் ஆலன் கீ வெச்சு அந்தத் தொட்டிலை மாட்டினோம். அதுகூட வந்த மெத்தை மாதிரியான பக்கத்தடுப்பை நான் ஆசையா கட்டினேன். டிஸ்சார்ஜ் அன்னைக்குக் குழந்தை டாக்டர்கிட்ட போட்டோ காட்டினா, "முதல்ல அதை அவிழ்த்துப் போடுங்க"ன்னார். மூஞ்சி அதுல பதிஞ்சு மூச்சு அடைக்கலாமாம். அமெரிக்காவுல 2022-ல சட்டம் போட்டே அந்தத் தடுப்பு விக்கிறதைத் தடை பண்ணிட்டாங்கன்னு அப்புறம் படிச்சேன். தலையணை வேண்டாம், பொம்மை வேண்டாம், சமமான கெட்டி மெத்தையில மல்லாக்கப் படுக்க வைங்க. தூளியா, பக்கத்துல ஆள் முழிச்சிருந்தா மட்டும். இதுதான் அவர் சொன்னது. அம்மாச்சிக்கு அவர்மேல இன்னும் கோபம். ஆனா ராத்திரி பாப்பா தொட்டில்லதான் படுக்கிறா.

என் ஒட்டகச்சிவிங்கி கனவும் அப்படியே போச்சு. பிறந்த குழந்தைக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாத் தெரியும். பால் குடிக்கிறப்ப அம்மா முகம் இருக்கிற தூரம் அது. மென்மையான கலரெல்லாம் ஆரம்பத்துல சரியாப் பிடிபடாது, கறுப்பு வெள்ளை மாதிரி பளிச்சுன்னு வேறுபாடு இருந்தாத்தான் பார்க்கும். அவ்வளவு செலவு பண்ணி ஒட்டுற சுவர்ப் படமெல்லாம் பார்க்க வர்றவங்களுக்குத்தான்.

இப்ப தூளி. என் ரூம் கூரையில ஃபேன் கொக்கி தவிர இன்னொரு கொக்கி உண்டு. வீடு கட்டினது 2003, நான் பிறந்த வருஷம். அது மேஸ்திரி தப்பா வெச்ச ஃபேன் கொக்கின்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். சிவில் வேற படிக்கிறேன். அப்பா சொல்லித்தான் தெரியும், அது என் தூளிக்கு வெச்சது. கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே பன்னெண்டு எம்.எம். கம்பியை வளைச்சு, ரெண்டு முனையையும் மேல ஓடுற ஸ்லாப் கம்பியில கோத்துக் கட்டியிருக்காங்க. அதனால கான்கிரீட்டை உடைச்சாத்தான் அது வெளிய வரும். இப்ப வர்ற அபார்ட்மென்ட்ல இது கிடையாது, ஸ்டாண்டு வெச்ச ஸ்பிரிங் தொட்டில்தான். ஐஎஸ் 456 முழுக்கத் தேடினாலும் தூளிக் கொக்கின்னு ஒரு க்ளாஸ் கிடைக்காது.

இருந்தாலும் இருபத்தியோரு வருஷத்துக் கம்பி. அடியில ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தா, துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிச்சு, சுத்தமா இருக்கு. ("பெயின்ட் அடிக்கறப்ப அப்படியே அடிச்சேன்," அப்பா.) முதல்ல ஒரு சிப்பம் அரிசியைக் கட்டித் தொங்கவிட்டேன், இருபத்தஞ்சு கிலோ. அப்புறம் நானே தொங்கினேன், அறுபத்தெட்டு. அம்மா வந்து பார்த்துட்டு, "பிள்ளை மூணு கிலோ இல்ல, இவன் எதுக்குடா தொங்குறான்"னு கேட்டாங்க. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி இருபத்திமூணுன்னேன். கணக்கு டீச்சர் ஒரு நிமிஷம் மனசுக்குள்ள வகுத்துப் பார்த்துட்டு, சரின்னு போயிட்டாங்க.

அம்மாச்சி தன்னோட சின்னாளபட்டி சுங்குடிச் சேலையை எடுத்துக் குடுத்துச்சு. கத்திரிப்பூ கலர்ல வெள்ளைப் புள்ளி, துவைச்சுத் துவைச்சுப் பூ மாதிரி ஆன சேலை. கொக்கியில இருந்து பாப்பா படுக்கிற இடம் வரைக்கும் அளந்தேன், ரெண்டேகால் மீட்டர். பெண்டுலம் ஃபார்முலாவுல போட்டா ஒரு தடவை போய்த் திரும்ப மூணு செகண்ட். வாட்ச்சை வெச்சுப் பார்த்தேன், மூணு செகண்டேதான். இதுல எடை வராது. பாப்பா பத்து கிலோ ஆனாலும் அதே மூணு செகண்ட்.

முப்பதாம் நாள் பேர் வெச்சோம். மாமா திண்டுக்கல் கடையில பலூன் எல்லாம் வாங்கிட்டு வந்தார், அந்தப் பச்சைச் சுவர் முழுக்க. கைக்கு வசம்பு வளையல், கன்னத்துல திருஷ்டிப் பொட்டு. காதுல மூணு தடவை பேர் சொன்னதும் பாப்பா கொட்டாவி விட்டா. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் பார்த்தேன். மாமா மட்டும் ரூம்ல நின்னு, பலூன் ஒட்டின டேப்பை ஒவ்வொண்ணா, நகத்தால, பெயின்ட் உரியாம எடுத்துட்டு இருந்தார். நானும் போய் அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன். ரெண்டு பேரும் பேசிக்கலை.

போன வாரம் ப்ராஜெக்ட் ஃபைனல் ரிவ்யூ. நான் நாலாவது ஸ்லைடுல இருக்கேன், பாக்கெட்ல போன் அதிருது. எடுத்துப் பார்த்தா அக்கா. எக்ஸ்டர்னல் முன்னாடி "ஒரு நிமிஷம் சார்"னு எடுத்துட்டேன். வெளிய போய்ப் பேசிட்டு வந்தா, எங்க ஹெச்.ஓ.டி. முகம் சரியில்லை.

"எனி எமர்ஜென்சி?"ன்னு எக்ஸ்டர்னல் கேட்டார்.

"இல்ல சார். பாப்பா குப்புற விழுந்துட்டா."

அவர் ஒரு செகண்ட் பயந்துட்டார். அப்புறம் புரிஞ்சு, "எத்தனை மாசம்?"னார்.