வேனுக்குள் ஒரு வாடை

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் வேன் பேசிக்கொண்டு மலைக்கோ கடற்கரைக்கோ புறப்படுவது வழக்கம். தலையணைகளுக்கும் தண்ணீர்க் குடங்களுக்கும் நடுவே ஒரு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் ஏறிவிடும். காரணங்கள் உண்டு. வழியில் ஹலாலான உணவு கிடைக்குமா என்ற ஐயம், கைக்குழந்தைக்குப் பால், முதியோருக்குக் கஞ்சி, இருபது பேருக்கு உணவகத்தில் ஆகும் செலவு. இவற்றை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். லக்னோவிலிருந்து புனிதப் பயணமாக வந்தவர்கள் அவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் அதிகாலைத் தேநீர் தயாரிக்கும்போது தீப்பற்றி 9 பேர் மாண்டனர்.

சென்ற கோடையில் கொடைக்கானலுக்குப் புறப்பட்ட எங்கள் வேனில் 18 பேர் இருந்தோம். அவர்களுள் 7 பேர் சிறுவர். அடுப்பும் சிலிண்டரும் வாடகைக்கு எடுத்தவை. நள்ளிரவுக்குப் பின் சாலையோரத்தில் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு, யாவற்றையும் பின்னிருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறினர். வத்தலக்குண்டை நெருங்கும்போது என் மனைவியின் பெரியம்மா என் தோளைத் தட்டினார்.

“மாப்புள, என்னமோ வாடை அடிக்குது.”

“டீசல் வாடைதான் பெரிம்மா, தூங்குங்க” என்றார் ஓட்டுநர். வெங்காயம் அழுகியிருக்கும் என்றார் இன்னொருவர். பெரியம்மா விடவில்லை. “அம்பது வருசமா அடுப்படியில நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?” என்றார். வேனை நிறுத்தச் சொன்னேன்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை மனிதர் உணர வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. மேலெழாமல் தண்ணீரைப் போலத் தாழ்விடம் தேடித் தேங்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்ட வேனின் தரையில், இருக்கைகளுக்கு இடையே பாய் விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தோம்!

எஞ்சினை அணைத்த பின் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அனைவரையும் இறக்கித் தொலைவில் நிறுத்தினோம். கதவுகளையும் சன்னல்களையும் திறந்தோம். அடுப்பின் குமிழ்கள் மூடியிருந்தன, ரெகுலேட்டர் மூடப்படவில்லை. சிலிண்டரோ படுத்துக் கிடந்தது. அது நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்த்துவிட்டால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வாய்ப்பகுதிக்கு வந்துவிடும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடியிட்டு, வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தோம். பிறகு அவ்விடத்திலேயே ஃபஜ்ர் தொழுதோம்.

வத்தலக்குண்டில் அடுப்புப் பழுது பார்க்கும் கடை திறந்ததும் சோதனை நடந்தது. தீக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர், அறவே கூடாது. கடைக்காரர் சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவினார். அடுப்போடு சேரும் முனையில் குமிழிகள் கொப்பளித்தன. பழைய பச்சை ரப்பர் குழாய் அது. வளைத்துப் பார்த்தபோது மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. உள்ளே கம்பி வலை கொண்ட, ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட செம்மஞ்சள் குழாயை மாற்றிக் கிளிப் போட்டு இறுக்கினார். அதன் ஆயுள் 5 ஆண்டு. நாள் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். மறுபடி நுரை தடவியபோது இடப்பக்கக் குமிழின் அடியிலும் சிறு குமிழி. பித்தளைத் திருகைக் கழற்றித் துடைத்து, புதிய கிரீஸ் இட்டுப் பொருத்திய பிறகே அது அடங்கியது.

சிலிண்டரை மறுபடி வேனில் ஏற்றுவதில்லை என்று அதற்குள் முடிவாகியிருந்தது. திரும்பும்வரை அக்கடையிலேயே விட்டுவைத்தோம். அப்போது எங்களுள் மூத்தவர் ஒருவர், “நாமதான் அடுப்பு மூட்டப் போறதில்லையே ஹஜ்ரத், அடுத்தவன் அடுப்புக்கு நாம ஏன் செலவழிக்கணும்? அல்லாஹ் மேல பாரத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க” என்றார்.

தவக்குல் என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாகச் செலவிடுகிறோம்! மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்குமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த அடுப்பு எங்களுக்குப் பின் இன்னொரு வேனில் ஏறும். அதன் தரையிலும் யாருடைய பிள்ளைகளோ உறங்குவார்கள். இதைச் சொன்னதும் அவரே சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

எஞ்சியது பழைய குழாய். குப்பையில் எறிந்தால் யாரேனும் எடுத்து மாட்டிவிடுவார்கள். வெட்டிவிடலாம் என்றால் அது பிறர் பொருள். உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்டேன். “நல்லாத்தானே இருந்துச்சு” என்று முணுமுணுத்தவர், முன்பணத்தில் அதன் விலையைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். சரி என்றேன். கடைக்காரரிடம் கத்தரி வாங்கிக் குழாயை நான்கு துண்டாக்கியவர் பெரியம்மா.