நானும் போனேன் அக்கா

"எனக்கென்ன பைத்தியமா தங்கச்சி?" உளவளத்துணைக்குப் போய்ப் பார்க்கும்படி சொன்னால் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "இல்லையக்கா" என்று சொல்லிப் பழகியிருந்தேன். சமூகவியல் படித்தவள், பத்து வருடங்களாக வாவிக்கரைக் கிராமங்களில் வேலை செய்பவள். ஆனால் எனக்கே தேவை வந்தபோது அதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

1990 இல் காணாமற்போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்போது நான் கைக்குழந்தை. "இருக்கிறார்" என்ற ஒரு சொல்லுக்காக அம்மா கோயில் கோயிலாகப் போய், தெய்வமாடுபவர்களிடம் வாக்குக் கேட்டார். போன வருடம் அம்மாவும் காலமானார். அதன்பின் நடுச்சாமத்தில் விழிப்பு வரும். விடியும்வரை நெஞ்சு படபடக்கும்.

முதல் நாளே உளவளத்துணையாளரிடம் என் பயங்களைக் கேட்டுவிட்டேன். கதை வெளியே போகுமா? எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

"வெளியே போகாது. உங்கட உயிருக்கோ மற்றவங்கட உயிருக்கோ ஆபத்தெண்டா மட்டும், உங்களுக்குச் சொல்லிற்று உதவி கேட்பன். விருப்பமில்லாததைச் சொல்லத் தேவையில்லை" என்றார்.

அவர் அப்பாவைப் பற்றித் துருவவில்லை. நித்திரை, சாப்பாடு பற்றிக் கேட்டார். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். நாலாம் முறைதான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்பா இருக்கிறாரா என்பதற்கு அவரிடம் வாக்கு இல்லை, புத்திமதியும் இல்லை. நான் அழுது முடியும்வரை கூட இருந்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துக்கம் முடிவில்லாதது, அது என் பலவீனமல்ல என்பது அன்றுதான் விளங்கியது.

சகோதரிகளே, உளவளத்துணை என்பது பேசித் தெளிய ஒருவர் துணை நிற்பது. உளச்சிகிச்சை, அதற்கெனப் பயிற்சி பெற்றவர் ஆழமாகவும் முறையாகவும் செய்வது. மருந்து தேவைப்பட்டால் அதை வைத்தியர்தான் தருவார். இவற்றுக்காகக் கோயிலையோ நேர்த்தியையோ விடத் தேவையில்லை. போகுமுன் கேளுங்கள்: என்ன பயிற்சி பெற்றவர், எத்தனை முறை வரவேண்டும், இரகசியம் காப்பாரா? மனம் ஒட்டாவிட்டால் வேறொருவரைக் கேட்கவும், இடையில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், கட்டணமில்லை. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் தாமதிக்காமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னும் சில இரவுகளில் விழிப்பு வருகிறது. ஆனால் படபடப்புக் குறைந்திருக்கிறது. இனி யாராவது "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டால், என்னிடம் வேறு பதில் இருக்கிறது: "நானும் போனேன் அக்கா."